பழைய காரில் யாருடைய டர்போ? வாங்கும் முன் அடையாளம் காண்போம்

(பழைய வாகனம் வாங்குவோருக்கான விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பழைய கார் வாங்கப் போகும் எவரும் இப்போதெல்லாம் காகிதங்களைச் சரியாகத்தான் பார்க்கிறீர்கள். பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு உரிமையாளர் பெயரைப் பார்க்கிறீர்கள். கடன் பாக்கி இருக்கிறதா, அபராதம் நிலுவையில் இருக்கிறதா, இன்ஷூரன்ஸ் எப்போது முடிகிறது, புகைச் சான்று இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறீர்கள். என்ஜின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர்களும் உண்டு. நல்ல பழக்கம். அதை விட்டுவிடாதீர்கள்.

ஆனால் ஒரு விஷயத்தை எந்தக் காகிதமும் உங்களுக்குச் சொல்லாது. பானெட்டுக்கு அடியில் இருக்கும் டர்போ அந்த வண்டியோடு பிறந்ததா, நடுவில் வந்து சேர்ந்ததா என்பதுதான் அது. ஆர்.சி.யில் என்ஜின் எண் உண்டு, சேசிஸ் எண் உண்டு. டர்போ எண் கிடையாது. எந்த அரசுப் பதிவேட்டிலும் கிடையாது. அதனால் அதை நாம்தான் இரும்பைப் பார்த்துப் படிக்க வேண்டும். எப்படிப் படிப்பது, படித்த பிறகு என்ன செய்வது என்பதைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறோம்.

டர்போ என்ன செய்கிறது?

என்ஜினிலிருந்து வெளியேறும் சூடான புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுற்றும். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம் இருக்கும். அது வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, என்ஜினுக்குள் தள்ளும். கூடுதல் காற்று போனால் கூடுதல் டீசலை எரிக்கலாம், சின்ன என்ஜினிலும் பெரிய இழுவை கிடைக்கும். அவ்வளவுதான் தத்துவம்.

ஆனால் அந்தச் சின்னத் தண்டு நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுக்கு மேலும் சுற்றக்கூடியது. என்ஜின் ஆயில் ஒரு மெல்லிய படலமாக நின்றுதான் அதைத் தாங்குகிறது. ஒரு பக்கம் நெருப்புச் சூடு, மறுபக்கம் வெளிக்காற்று, நடுவில் ஆயில். இப்படிப்பட்ட ஒரு பொருளை "ஏதோ ஒண்ணு, பொருந்துச்சு, மாட்டிட்டோம்" என்று சொல்ல முடியாது. அளவு, கட்டுப்பாடு, ஆயில் வழி ஆகிய மூன்றும் அந்த என்ஜினுக்கென்றே கணக்கிடப்பட்டவை.

ஏன் மாற்றுகிறார்கள்?

பெரும்பாலும் மூன்று காரணம். முதலாவது, பழைய டர்போ போய்விட்டது. புதியது விலை அதிகம் என்று, கிடைத்த ஏதோ ஒன்றை மாட்டிவிடுகிறார்கள். இரண்டாவது, பிக்கப் வேண்டும் என்று வேண்டுமென்றே பெரிய டர்போவை மாட்டுகிறார்கள். மூன்றாவது, இதுவும் நியாயமானதுதான், அதே நிறுவனத்தின் சரியான மாற்று உதிரிபாகத்தைப் பில்லோடு போடுகிறார்கள்.

எனவே டர்போ மாற்றப்பட்டிருக்கிறது என்பதை மட்டும் வைத்து வண்டியை ஒதுக்கிவிடாதீர்கள். 10 வயது டீசல் வண்டியில் டர்போ ஒருமுறை மாறியிருந்தால் அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. எதை எடுத்துவிட்டு எதை மாட்டினார்கள் என்பதே கேள்வி. இந்த மூன்றில் எது உங்கள் முன்னால் நிற்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை.

முதல் படி: என்ன இருக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

வண்டியைப் பார்க்கப் போகும் முன்பே இதைச் செய்யுங்கள். வண்டியின் 17 இலக்கச் சேசிஸ் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட பார்ட்ஸ் கவுன்ட்டரில் கொடுத்து, "இந்த வண்டிக்கு எந்த டர்போ வரும்? பார்ட் நம்பர் என்ன?" என்று கேளுங்கள். சேசிஸ் எண்ணைப் போட்டால் எந்த மாதிரி, எந்த வருடம், எந்த என்ஜின் என்று அவர்கள் கணினியில் தெரிந்துவிடும். கார் கம்பெனியின் பார்ட் நம்பர் ஒன்று இருக்கும். டர்போ செய்த கம்பெனியின் எண் வேறாக இருக்கும். இரண்டையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய எண்ணுக்குப் பதிலாகப் புதிய எண் வந்திருந்தால் அதையும் கேட்டு எழுதுங்கள்.

இந்த ஒரு சீட்டு கையில் இல்லாமல் வண்டியைப் பார்க்கப் போனால், டர்போவில் என்ன எண் இருந்தாலும் உங்களுக்கு ஒன்றும் புரியாது.

இன்னொன்றும் கேளுங்கள்: "இந்த மாடல் கம்பெனியிலிருந்து வரும்போது டர்போவோடு வந்ததா?" சில பெட்ரோல் கார்கள் டர்போ இல்லாமலே வந்தவை. அப்படிப்பட்ட வண்டியில் டர்போ இருந்தால், அடையாளம் காண வேண்டிய அவசியமே இல்லை. அது வெளியில் போட்டதுதான். டர்போ இல்லாத என்ஜினின் பிஸ்டனும் அழுத்த விகிதமும் அந்தக் கூடுதல் காற்றுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. அதிக அழுத்தம் போனால் பெட்ரோல் முன்கூட்டியே வெடித்து, என்ஜின் தட்டும். தட்டிக்கொண்டே ஓடினால் பிஸ்டன் உடையும்.

இரண்டாம் படி: தகட்டைத் தேடுங்கள்

என்ஜின் நன்றாக ஆறிய பிறகே இதைச் செய்யுங்கள். டர்போவின் புகைப் பக்கம் கை வைத்தால் தோல் உரியும் அளவுக்குச் சூடாக இருக்கும். காற்றுக் குழாயைக் கழற்றி வைத்த நிலையில் யாரையும் என்ஜினை ஸ்டார்ட் செய்ய விடாதீர்கள். உள்ளே சுற்றுவது சின்னச் சக்கரம்தான், ஆனால் விரலை எடுத்துவிடும்.

காற்றுப் பக்கத்தில், நத்தை ஓடு போல வெள்ளையாக ஓர் அலுமினிய உறை இருக்கும். அதன் மேல் சிறு தகடு ஒன்று ரிவெட் அடிக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் உறையிலேயே எண் பொறிக்கப்பட்டிருக்கும். கண்ணுக்கு எட்டாவிட்டால் செல்போன் கேமராவை உள்ளே நீட்டி, டார்ச் போட்டு, நாலைந்து கோணத்தில் படம் எடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் துணியால் துடையுங்கள். தேய்த்துச் சுரண்ட வேண்டாம். எழுத்து போய்விடும்.

எண்ணின் அமைப்பே செய்தவர் யார் என்று பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும்.

கேரட் நிறுவனத்தின் எண்ணில் முதலில் 6 இலக்கம், ஒரு கோடு, அதன்பின் சில இலக்கங்கள், சிலசமயம் கடைசியில் ஓர் எழுத்து வரும். இந்த நிறுவனம் நெடுங்காலம் ஹனிவெல் குடையின் கீழ் இருந்து 2018-இல் தனியானது. அதனால் பழைய தகட்டில் ஹனிவெல் பெயரும் இருக்கலாம், குழம்ப வேண்டாம்.

போர்க்வார்னர், அதற்கு முந்தைய கே.கே.கே. ஆகியவற்றின் எண் பெரும்பாலும் 11 இலக்கம். 53 அல்லது 54 என்று தொடங்குவதை நம் கார்களில் அதிகம் பார்க்கலாம். சென்னைக்குத் தெற்கே பையனூரில் இருக்கும் டர்போ எனர்ஜி நிறுவனம் போர்க்வார்னரின் கூட்டில் வளர்ந்தது. அதனால் இந்த வகை எண்கள் நம் மெக்கானிக்குகளுக்கு நன்கு பழக்கமானவை.

மிட்சுபிஷியின் எண் 49 என்று தொடங்கி, 5 இலக்கம், ஒரு கோடு, மறுபடி 5 இலக்கம் என்று வரும். அளவு வகையை டி.டி. என்ற எழுத்துகளோடு குறிப்பார்கள். ஐ.எச்.ஐ. தகட்டில் ஆர்.எச்.எஃப். என்ற வகைப் பெயரைப் பார்க்கலாம்.

எண் கிடைத்ததா? உங்கள் சீட்டோடு ஒப்பிடுங்கள். முழுதும் ஒத்துப்போனால் நிம்மதி. முன்பகுதி ஒன்றாக இருந்து, கோட்டுக்குப் பின்னால் உள்ள கடைசி இலக்கம் மட்டும் மாறியிருந்தால் பதற வேண்டாம். அதே டர்போவின் திருத்திய பதிப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். பார்ட்ஸ் கவுன்ட்டரில் கேட்டு உறுதி செய்யுங்கள். முன்பகுதியே மாறியிருந்தால் அது வேறு டர்போ.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். தகட்டைப் போலியாக அடிப்பது கஷ்டமான காரியம் இல்லை. உறை பழையதாக, அழுக்காக இருக்க, தகடு மட்டும் பளபளவென்று மின்னினால் சந்தேகப்படுங்கள். ரிவெட்டுக்குப் பதிலாகப் பசை போட்டு ஒட்டியிருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

மூன்றாம் படி: தகடு இல்லாவிட்டால்?

தகடு இருந்த இடத்தில் இரண்டு ரிவெட் துளை மட்டும் இருக்கும் வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். "விழுந்திருக்கும் சார்" என்பார்கள். விழவும் விழலாம், விழ வைக்கவும் செய்யலாம். பெயர்ப் பலகையைக் கழற்றினாலும் வீடு வீடுதானே? டர்போவின் உடம்பிலேயே அடையாளங்கள் இருக்கின்றன.

ஒன்று, வார்ப்பு எண்கள். புகைப் பக்கத்து இரும்பு உறையிலும் காற்றுப் பக்கத்து அலுமினிய உறையிலும் வார்க்கும்போதே எழுந்த எழுத்துகளும் எண்களும் இருக்கும். அவை முழுப் பார்ட் நம்பர் அல்ல. ஆனால் எந்தக் கம்பெனி, எந்தக் குடும்பம் என்று சொல்லிவிடும். சிலவற்றில் ஏ/ஆர் என்று போட்டு 0.48, 0.63 போன்ற எண் இருக்கும். உறையின் காற்று வழி எவ்வளவு அகலம் என்பதைக் காட்டும் அளவு அது. தொழிற்சாலையில் போட்டு வரும் சின்னக் கார் டர்போவில் இதைப் பெரும்பாலும் காண முடியாது. வெளியில் தனியாக விற்கும் டர்போவில் அதிகம் இருக்கும். அதைப் பார்த்ததும் கூடுதல் கவனம் கொள்ளுங்கள்.

இரண்டு, ஆக்சுவேட்டர். டர்போவை ஒட்டி, ஒரு கம்பியோடு சின்ன டப்பா போல இருக்கும். அதற்கு வரும் ரப்பர் குழாய் எங்கிருந்து வருகிறது என்று விரலால் தொடர்ந்து போங்கள். டர்போவின் காற்று உறையிலிருந்தே நேராக வந்தால், அது பொதுவாக அழுத்தத்தில் வேலை செய்யும் சாதாரண வேஸ்ட்கேட் வகை. வேக்குவம் பம்ப் பக்கத்திலிருந்து, ஒரு சின்ன மின் வால்வு வழியாக வந்தால், அது பெரும்பாலும் உள்ளே அசையும் இதழ்களைக் கொண்ட வகை. வி.ஜி.டி. என்பார்கள். குழாயே இல்லாமல் ஒயர் மட்டும் போனால் மின்மோட்டார் வகை. உங்கள் மாடலுக்கு எந்த வகை வர வேண்டுமோ, அதற்கு மாறாக இருந்தால் தகடு இல்லாமலே பதில் கிடைத்துவிட்டது.

மூன்று, சக்கரத்தின் அளவு. காற்றுக் குழாயைக் கழற்றினால் உள்ளே அலுமினியச் சக்கரம் தெரியும். இதழ்களை எண்ணுங்கள். பெரிய இதழ், சின்ன இதழ் என்று மாறி மாறி இருந்தால் இரண்டையும் தனித்தனியே எண்ணுங்கள். வெர்னியர் வைத்து, காற்று நுழையும் வாய்ப் பக்கச் சக்கரத்தின் விட்டத்தை அளக்கச் சொல்லுங்கள். டர்போவைக் கழற்றும் சந்தர்ப்பம் வந்தால், சக்கரத்தின் அடிப்பக்கப் பெரிய விட்டத்தையும் அளக்கலாம். உதாரணமாக வாய் 36 மி.மீ., அடி 46 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். சின்னதைப் பெரியதால் வகுத்து, இருமடி எடுத்து, 100-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 61 வரும். இதைத்தான் டிரிம் என்கிறார்கள். இந்த இரண்டு விட்டம், இதழ் எண்ணிக்கை, ஃப்ளாஞ்சில் எத்தனை போல்ட் என்ற விவரங்களைக் கொடுத்தால், டர்போ பழுது பார்க்கும் அனுபவசாலி எந்த வகை என்று சொல்லிவிடுவார்.

ஓர் உதாரணம்

நம் சாலைகளில் லட்சக்கணக்கில் ஓடிய ஓர் என்ஜினை எடுத்துக்கொள்வோம். ஃபியட் வடிவமைத்த 1248 சி.சி. டீசல் என்ஜின். ஸ்விஃப்ட், இண்டிகா விஸ்டா, புண்டோ என்று பல கம்பெனிகளின் கார்களில் வந்தது. இதில் இரண்டு தரம் உண்டு. ஸ்விஃப்டில் வந்தது சுமார் 75 குதிரைத்திறன், இதழ் அசையாத சாதாரண டர்போ. எர்டிகா, சியாஸ், மான்சா போன்றவற்றில் வந்தது 90 குதிரைத்திறன், இதழ் அசையும் டர்போ. இரண்டுக்கும் சி.சி. ஒன்றுதான்.

இப்போது 75 குதிரைத்திறன் வண்டியில் யாராவது 90-இன் டர்போவை மாட்டினால் என்ன ஆகும்? ஆர்.சி.யில் சி.சி. அப்படியே இருக்கும். என்ஜின் எண், சேசிஸ் எண் எல்லாம் சரியாக இருக்கும். ஓட்டிப் பார்த்தால் "ஆஹா, என்ன பிக்கப்!" என்று தோன்றும். வாங்குபவர் மயங்குவதே இங்கேதான். ஆனால் அந்த வண்டியின் கணினிக்கு அசையும் இதழ்களைக் கட்டுப்படுத்தத் தெரியாது. அதற்காக யாரோ கணினிக் கணக்கை மாற்றியிருக்க வேண்டும், அல்லது ஏதோ குறுக்குவழி செய்திருக்க வேண்டும். கிளட்ச், கியர்பாக்ஸ் எல்லாம் பழைய அளவுக்குச் செய்தவை. மேட்டில் கரும்புகை தள்ளும். நெடுஞ்சாலையில் திடீரென்று செக் என்ஜின் விளக்கு எரிந்து வண்டி சோர்ந்து போகும். முந்திச் செல்லும்போது அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த வண்டியை ஆர்.சி. காட்டிக்கொடுக்காது. ஆக்சுவேட்டருக்குப் போகும் அந்த ஒற்றைக் குழாய் காட்டிக்கொடுக்கும்.

நான்காம் படி: சுற்றுப்புறச் சாட்சிகள்

டர்போவை மட்டும் பார்க்காதீர்கள், அதன் அக்கம்பக்கத்தையும் பாருங்கள். கம்பெனி ரப்பர் குழாய்க்குப் பதில் நீலம், சிவப்பு நிறச் சிலிக்கான் குழாய் இருக்கிறதா? வெப்பத் தகட்டைக் கழற்றிவிட்டு மாட்டாமல் விட்டிருக்கிறார்களா? ஆயில் குழாய் மட்டும் புதிதாக, வளைத்துப் போட்டதாக இருக்கிறதா? சென்சார் ஒயரின் நடுவே ஏதாவது கறுப்பு டப்பா சொருகியிருக்கிறார்களா? இவை ஒவ்வொன்றும் ஒரு கேள்வி. நாலும் சேர்ந்தால் பதில்.

ஸ்டீயரிங்குக்கு அடியில் இருக்கும் ஓ.பி.டி. முனையில் ஸ்கேனரைப் போட்டுப் பாருங்கள். இப்போது பல சின்னப் பட்டறைகளிலும் ஸ்கேனர் இருக்கிறது. பி0234 என்று வந்தால் காற்றழுத்தம் அளவுக்கு மீறிப் போகிறது. பி0299 என்று வந்தால் போதவில்லை. "கோடு எதுவும் இல்லை" என்றால் அதையும் அப்படியே நம்ப வேண்டாம், உங்கள் முன்னால் அழித்திருக்கலாம். 20, 30 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள்.

ஸ்கேனரிலேயே காற்றழுத்த அளவையும் பார்க்கலாம். என்ஜின் ஓடாமல் சாவி மட்டும் போட்ட நிலையில், சென்னையில் 100 கிலோபாஸ்கலை ஒட்டிக் காட்டும். ஊட்டியில் 80-க்கும் கீழே காட்டும். அது அந்த ஊரின் இயற்கைக் காற்றழுத்தம். அங்கிருந்து, மெக்கானிக் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க, மேட்டில் முழு ஆக்சிலேட்டரில் எவ்வளவு ஏறுகிறது, கணினி கேட்கும் அளவும் கிடைக்கும் அளவும் ஒன்றாகப் போகின்றனவா என்று பாருங்கள். இரண்டும் ஒட்டிப் போகாவிட்டால் டர்போவும் வண்டியும் ஒத்துப்போகவில்லை என்று பொருள்.

கடைசியாக, டர்போவின் உடல்நலம். காற்றுப் பக்கச் சக்கரத்தின் நடு நட்டை விரலால் பிடித்து, பக்கவாட்டில் மெல்ல அசையுங்கள். கொஞ்சம் ஆட்டம் இருக்கும், அது ஆயில் படலத்துக்கான இடம். ஆனால் சக்கரம் உறையில் உரசக் கூடாது. உள்ளும் வெளியுமாக இழுத்தால் கைக்குத் தெரியும்படி ஆட்டம் இருக்கவே கூடாது. குழாய்க்குள் லேசான ஆயில் ஈரம் சகஜம். குட்டையாக நின்றால் கோர் போய்விட்டது.

கட்டுப்பாடு இழந்த டீசல் என்ஜின்

இதை எல்லா டீசல் வண்டி உரிமையாளரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். டர்போவின் சீல் உடைந்து, ஆயில் காற்றுக் குழாய் வழியாக என்ஜினுக்குள் போனால், என்ஜின் தன் ஆயிலையே எரித்துத் தானாக ஓட ஆரம்பிக்கும். சாவியை அணைத்தாலும் நிற்காது. வெண்புகை மண்டும், சத்தம் ஏறிக்கொண்டே போகும். கியர் வண்டியாக இருந்தால், பிரேக்கை முழுதாக அழுத்தி, மேல் கியரைப் போட்டு, கிளட்சை விட்டால் என்ஜின் திணறி நின்றுவிடும். அதற்கு முடியவில்லை என்றால் எல்லோரையும் இறக்கி, வண்டியை விட்டுத் தள்ளி நில்லுங்கள். பானெட்டைத் திறந்து கையை விடாதீர்கள். பொருந்தாத டர்போவும், தப்பான ஆயில் குழாயும் இந்த ஆபத்தைப் பக்கத்தில் கொண்டுவருகின்றன. இது வெறும் பணச் சங்கதி இல்லை என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு ஆர்.சி. விவரங்கள் மாறுபடும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் இதை உறுதிப்படுத்தியது. இப்போது வழங்கப்படும் ஆர்.சி. அட்டையில் சி.சி.யோடு குதிரைத்திறனுக்கும் இடம் இருக்கிறது. அதைப் படித்துப் பாருங்கள். அனுமதியில்லாத மாற்றத்துக்கு, 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். அது உரிமையாளர் மீது பாயும் பிரிவு. "நான் மாத்தலீங்க, வாங்கும்போதே இப்படித்தான் இருந்துச்சு" என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

புகைச் சோதனையையும் மறந்துவிடாதீர்கள். பி.எஸ். 4 டீசல் வண்டிக்கு, ஆக்சிலேட்டரை அழுத்திச் செய்யும் சோதனையில் ஒளி உறிஞ்சும் அளவு 1.62-ஐத் தாண்டக் கூடாது. அதற்கு முந்தைய வண்டிகளுக்கு 2.45. காற்றுக்கும் டீசலுக்கும் கணக்குத் தப்பிய வண்டி இங்கே மாட்டிக்கொள்ளும். 15 வருடம் முடிந்து பதிவைப் புதுப்பிக்கும்போதும் வண்டி நேரில் ஆய்வாளர் முன் நிற்க வேண்டும். விபத்து நடந்து இழப்பீடு கேட்டால், இன்ஷூரன்ஸ் சர்வேயர் பானெட்டைத் திறந்துதான் பார்ப்பார். சொல்லாமல் செய்த மாற்றம் இருந்தால் அங்கே கேள்வி வரும்.

வாங்கும் முன் செய்ய வேண்டியது

விற்பவரிடம் ஒரு சீட்டு எழுதி வாங்குங்கள். வண்டி எண், சேசிஸ் எண், டர்போவில் உள்ள எண், "இது தயாரிப்பாளர் குறிப்பிட்ட டர்போ" என்ற ஒரு வரி, கையெழுத்து, தேதி. மாற்றியிருந்தால் அந்தப் பில்லைக் கேளுங்கள். பில்லில் பார்ட் நம்பர் இருக்க வேண்டும். நேர்மையாக விற்பவர் இதற்குத் தயங்க மாட்டார். தயங்கினால் அந்தத் தயக்கமே ஒரு தகவல்.

கார் கன்சல்டிங் கடையில் வாங்கினால், அவர் பதிவு பெற்ற வாகன வியாபாரிக்கான அங்கீகாரச் சான்று வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அந்த விதிகள் நடைமுறையில் இருக்கின்றன. வாங்கியபின் படிவம் 29, 30 வழியாகப் பெயர் மாற்றத்தை 30 நாளுக்குள் பதிவுக்குக் கொடுத்துவிடுங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா?

வரிசை முக்கியம். எதையும் கழற்றும் முன் படம் எடுங்கள். தகடு, தகடு இல்லாத இடம், ஆக்சுவேட்டர் குழாய், கிலோமீட்டர் அளவு எல்லாவற்றையும் தேதியோடு எடுங்கள். பிறகு அங்கீகரிக்கப்பட்ட ஒர்க்ஷாப்பில், இந்த வண்டிக்கு வர வேண்டியது என்ன, இருப்பது என்ன என்று எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். விற்றவருக்கு அதன் நகலோடு பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். போனில் பேசியது பேச்சாகவே போய்விடும். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள்.

வியாபாரியிடம் வாங்கியிருந்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்து ஆலோசனை பெறலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள், இணையவழியிலும் புகார் தரலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. தனிநபரிடம் வாங்கியிருந்தால் வழி வேறு, வழக்கறிஞரைக் கேளுங்கள்.

அதற்கிடையே, ஆதாரங்கள் கையில் வந்த பிறகு, சரியான எண் கொண்ட டர்போவைப் போடுங்கள். கணினிக் கணக்கு மாற்றப்பட்டிருந்தால் அதையும் கம்பெனி நிலைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் திருத்தினால் பாதி வேலைதான். ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். ஆயில் குழாயில் பழைய கசடு இருந்தால் புது டர்போவும் சீக்கிரம் போய்விடும். பில்லைப் பத்திரப்படுத்துங்கள். புகைச் சோதனையை மறுபடி செய்து சான்று வாங்குங்கள்.

நிறைவாக ஒன்று. உங்கள் வீட்டில் இப்போது நிற்கும் வண்டியையும் ஒருமுறை திறந்து பாருங்கள். டர்போ எண்ணைப் படம் எடுத்து, ஆர்.சி. நகலின் பின்பக்கம் எழுதி வையுங்கள். பத்து நிமிட வேலை. நாளை பட்டறையில் விட்டு எடுக்கும்போது அதே டர்போதான் திரும்ப வந்ததா என்று ஒப்பிடலாம். வண்டியை விற்கும்போது வாங்குபவர் கேட்கும் கேள்விக்கு உங்கள் கையில் பதில் இருக்கும்.